தீவுக்குத் திரும்புகிறவன்

அண்ணனின் கைக்கட்டைப் பிரிக்கும் நேரத்தில்தான் அந்தக் கதை வளரும். நான் நர்ஸ். வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் அறை வெடித்து, அவனுடைய வலது கை முழங்கைவரை வெந்துபோனது. கூடக் கலக்கிக்கொண்டிருந்தவர் பிழைக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபின் கட்டு மாற்றுவது என் வேலையாயிற்று. வலியில் அவன் பல்லைக் கடிப்பதைக் காணச் சகிக்காமல், "நம்ம சண்டைப் படத்துக்கு இப்ப ரெண்டாம் பாகம் எடுத்தா எப்பிடிண்ணே இருக்கும்?" என்று ஒருநாள் கேட்டுவைத்தேன்.

சின்ன வயதில் டிவியில் நாங்கள் வாயைப் பிளந்து பார்த்த டப்பிங் படம் அது. ஒரு தீவு, அதற்கு ஒரு முதலாளி. ஊர் ஊராக ஆள் அனுப்பி வீரர்களை வரவழைப்பான், மோதவிட்டு வேடிக்கை பார்ப்பான். கடைசியில் அவனைக் கொன்றுவிட்டு நாயகன் படகேறித் திரும்புவான். கூடப் போன நண்பன் திரும்பமாட்டான்.

அண்ணன் கதையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். நாயகனுக்கு வயதாகிவிட்டது, ஒரு கை சரியாக மடங்காது. அதுவரை சரி. தீவிலிருந்து மறுபடியும் அழைப்பு வருகிறது என்றபோதுதான் எங்களுக்குள் சண்டை மூண்டது.

"முதலாளிதான் செத்துட்டானே, யாருண்ணே கூப்பிடுவா?"

"தீவு அங்கனதான இருக்கு. எவனாவது எடுத்து நடத்துவான்."

"கூப்பிட்டா போகணுமா? ஊர்ல பழக்கடை வச்சுப் பொழைக்கட்டும்."

"பழக்கடையக் காட்டுனா எவன் படம் பாப்பான், புள்ள?"

நானும் விடவில்லை. படகைக் கவிழ்த்தேன். நாயகனுக்குக் கல்யாணம் செய்துவைத்து, ஒரு மகளையும் கொடுத்தேன். அந்த மகளுக்கு அண்ணன் மகளின் பெயரையே வைத்தேன். அண்ணன் கதையில் அந்த மகளைத் தூங்கவைத்துவிட்டு நாயகனைப் படகேற்றினான். மதினி அடுப்படியில் பாத்திரத்தைப் போட்டு உருட்டினாள். கை தேறியதும் அவன் மறுபடியும் மருந்து கலக்கப் போய்விடுவானோ என்பதுதான் எங்கள் பயம். நாங்கள் பேசுவது படத்தைப் பற்றி இல்லை என்று மூன்று பேருக்கும் தெரியும். வெளியே சொல்லத்தான் வாய் வரவில்லை.

பிறகு போர்மேன் வந்தார். சீல் வைத்த கம்பெனியை வேறு ஆள் குத்தகைக்கு எடுத்திருக்கிறாராம். புதுப் பெயர், புதுப் போர்டு. போர்டு மாறினால் செத்தவர் எழுந்து வந்துவிடுவாரா? திறப்பு பூஜையின் பொரியோடு வீடு தேடி வந்து கூப்பிடுவார்கள், வாங்கிக்கொண்டால் வருகிறோம் என்று அர்த்தம். மதினி வாங்கக் கூடாது என்று நான் கண்ணைக் காட்டினேன். அவள் அண்ணன் கை தேறவேண்டும் என்று இருக்கன்குடி அம்மனுக்கு நேர்ந்திருந்தவள். சாமிக்குப் படைத்ததை வேண்டாம் என்று சொல்லப் பயந்து முந்தானையை ஏந்திவிட்டாள்.

"சிஸ்டர், ஒங்க கைராசிதான் எங்க ஆளத் தேத்தியிருக்கு" என்றார் போர்மேன். "மருந்து கலக்கத் தெரிஞ்சவுக எம்புட்டுப் பேரு இருக்காக? ஆர்டர் குமிஞ்சு கெடக்கு."

அந்தப் பொரியை அவர் முகத்திலேயே விட்டெறியலாம்போல இருந்தது. எறியவில்லை. காப்பி கொடுத்து அனுப்பினோம்.

கம்பெனி வேன் வரும் காலையில் அண்ணன் பருத்திச் சட்டையை எடுத்தான். நைலான் உரசினால் பொறி வரும் என்று அங்கே பருத்திதான் போடவேண்டும். நான் பொத்தான் மாட்டிவிடப் போனேன். தடுத்துவிட்டு வலது கையாலேயே ஒவ்வொன்றாக மாட்டினான். விரல்கள் நன்றாக மடங்கின.

"பாத்தியா புள்ள, எல்லாம் நீ பாத்த வைத்தியம்" என்றான், பெருமையாக.

நாயகனைத் தேற்றித் தீவுக்கு அனுப்ப ஒரு ஆள் வேண்டும் என்பது, அத்தனை நாள் கதை பேசியும் எனக்குத் தோன்றவே இல்லை.