ஃபுட்போர்டில் ஒரு ஜோடி செருப்பு

சில வருடங்களுக்கு முன்பு, கோடை தொடங்கியிருந்த ஒரு வெள்ளிக்கிழமை மதியம் நடந்தது இது. பெங்களூரில் சந்தாபுராவைத் தாண்டி, ஆனேக்கல் போகும் ரோட்டில் ஒரு லாரி ஷெட்டில் அப்போது வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை, சேலத்தில் லேத், ஓசூரில் டயர் கடை என்று கிடைத்த வேலையைச் செய்வேன். மனம் சலித்ததும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். அந்த ஷெட்டுக்கும் அப்படித்தான் வந்து சேர்ந்தேன்.

ஓடி ஓய்ந்த பழைய பெரிய லாரிகளைத் திரும்ப ஓட வைப்பதுதான் அங்கே வேலை. ஷெட் முதலாளியை எல்லோரும் பாய் என்று கூப்பிடுவோம். அவர் ஷெட்டில் ஒரு சட்டம் உண்டு. லாரிக்கு அடியில் போகிறவன் தன் செருப்பைக் கழற்றி டிரைவர் பக்கத்து ஃபுட்போர்டில் வைத்துவிட்டுத்தான் போகவேண்டும். ஃபுட்போர்டில் செருப்பு இருந்தால் யாரும் வண்டியைத் தொடமாட்டார்கள். வெளியூர் டிரைவர்கூட அந்த ஷெட்டுக்கு வந்தால் முதலில் ஃபுட்போர்டைத்தான் பார்ப்பார். அதனால் யாரும் குனிந்து அடியில் பார்ப்பதில்லை. பார்க்கத் தேவையே இல்லை என்ற அளவுக்கு அந்தச் சட்டத்தை நம்பினோம்.

அன்று ஷெட்டில் நின்றது, எஞ்சின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் காலத்து நீள மூக்கு லாரி. ஸ்ரீராம்புரத்தில் இருக்கும் ஓர் அக்கா, சினிமா ஷூட்டிங்குக்குப் பழைய வண்டிகள் வாடகைக்கு விடுகிறவர், அதை ஒரு கல்குவாரியிலிருந்து வாங்கி வந்திருந்தார். வந்தபோது எஞ்சின் மேல் செடி முளைத்திருந்தது. இன்ஜெக்டரைக் கழற்றி, கிளட்ச் மாற்றி, கியர்பாக்ஸை இறக்கி ஏற்றி மாதக்கணக்கில் அதோடு கிடந்தோம். அன்று சாயங்காலம் ஏரிக்கரை ஒன்றில் அதற்கு முதல் ஷூட்டிங். மஞ்சள் வெயிலில் லாரி கரைமேல் போகவேண்டுமாம். அந்த அக்கா அதை நம்பித்தான் இருந்தார். அன்று வண்டி போகாவிட்டால் சினிமாக்காரர்கள் அடுத்த முறை அவரைக் கூப்பிடமாட்டார்கள்.

பாய் மசூதிக்குக் கிளம்பும்போது என்னிடம், "கியர்பாக்ஸ் ஆயில் ஊத்தியாச்சு. அடியில அட்டைய போட்டு சொட்டுதான்னு பாத்துக்கினு இரு. நான் தொழுதுட்டு வந்துர்றேன்" என்றார். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள்.

ஆயில் ஊற்றும்போதே என் கால்மேல் கொட்டியிருந்தது. குழாயடிக்குப் போய்க் காலைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். செருப்பையும் கழுவி டயர் குவியல்மேல் வெயிலில் காயவைத்தேன். பிறகு ஓர் அட்டைப்பெட்டியைப் பிரித்து எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு லாரிக்கு அடியில் நுழைந்தேன். ஃபுட்போர்டில் வைக்க என்னிடம் செருப்பு இல்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை. செருப்பைக் கழற்றும்போதுதானே சட்டம் ஞாபகம் வரும்.

வெளியே சிமெண்டுத் தரை கொதித்துக்கொண்டிருந்தது. உள்ளே குகைபோலக் குளிர்ச்சி. மல்லாந்து படுத்து கியர்பாக்ஸின் அடிவயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு போல்ட்டின் ஓரத்தில் எண்ணெய் மெல்ல ஊறி, ஒரு மணியாகத் திரண்டு, அங்கேயே நின்றது. விழுமா விழாதா என்று பார்த்தேன். அதில் வெளி வெளிச்சம் முழுக்கச் சின்னதாகத் தெரிந்தது. ஷெட்டின் கூரை, வேப்பமரம், ஒரு துண்டு வானம் எல்லாம் தலைகீழாக அந்தத் துளிக்குள் தொங்கிக்கொண்டிருந்தன. பார்த்துக்கொண்டே இருந்தவன் எப்போது தூங்கினேன் என்று தெரியாது.

கனவில் அதே லாரி தண்ணீர்மேல் போய்க்கொண்டிருந்தது. நான் மேலே படுத்திருக்கிறேன். டிரைவர் யாரும் இல்லை. சக்கரத்துக்கு அடியில் கூழாங்கற்கள் நொறுங்குவதுபோலச் சின்னச் சின்னச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. தூரத்தில் மாட்டு மணி அடித்தது, நின்றது, மறுபடி அடித்தது. ஒருமுறை கண்ணைத் திறந்தேனோ என்னவோ, பின்சக்கரத்தின் பக்கத்தில் இரண்டு பாதங்கள் தெரிந்தன. வெடித்த குதிகால், விரலில் மெட்டி. தண்ணீருக்கு நடுவில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைத்தபடியே மறுபடி தூங்கிப்போனேன்.

பிறகு பேச்சுக் குரல் கேட்டது. பாயின் குரல்.

"க்யா அக்கா, நீங்க இங்க குந்திக்கினு இருக்கீங்க, உங்க செருப்பு அங்க ஃபுட்போர்டுல இருக்குது. அடியில யாரு, உங்க ஆவியா?"

"மெதுவா பேசு பாய். உன் ஆளு தூங்கறான்."

"தூங்கறானா! சொட்டுதான்னு பாருடான்னு சொன்னா... இருங்க, காலைப் பிடிச்சு இழுக்கறேன்."

"சும்னே இரு பாய். திடுக்குனு எழுந்தான்னா மண்டை மேல இடிக்கும். எல்லாம் இரும்பு. தானா முழிக்கட்டும்."

"ஷூட்டிங்காரங்க?"

"அவங்க என்ன, கூப்புட்டுனேதான் இருக்காங்க. வண்டி வருது சார், ஆளு ரெஸ்ட்ல இருக்காருன்னு சொல்லிட்டேன்."

இதெல்லாம் கனவில் யாரோ யாரைப் பற்றியோ பேசுவதுபோல இருந்தது. அப்போதுதான் அந்தத் துளி விழுந்தது. நேராக என் கன்னத்தில். கண்விழித்து, பக்கவாட்டில் உருண்டு வெளியே வந்தேன். அந்த அக்கா சக்கரத்தின் நிழலில் உட்கார்ந்திருந்தார். புடவை மடியில் அவித்த கடலைக்காய். காலடியில் தோல் ஒரு சிறு குவியலாகக் கிடந்தது. கனவில் நொறுங்கிய கூழாங்கல் அதுதான். மாட்டு மணி, அவர் மடியிலிருந்த போன்.

"சொட்டுது பாய்" என்றேன்.

பாய் தலையில் அடித்துக்கொண்டார். "உன் மூஞ்சிலயே தெரியுது. சொட்டுனா ஓடும், ஒழுகுனாதான் நிக்கணும். போய் மூஞ்சி கழுவு."

என்ன நடந்தது என்பதை அக்கா அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் நானும் கேட்டேன். அவசரத்தில் அவர் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். ஷெட்டில் யாருமில்லை. ஃபுட்போர்டைப் பார்த்தார், செருப்பு இல்லை. சரி, நாமே வெளியே எடுத்து வைப்போம் என்று முன்சக்கரத்துக்கு அடை கொடுத்திருந்த கட்டையைத் தட்டி எடுத்துவிட்டார். வண்டி கழுவும் இடம் அது, தண்ணீர் வடிவதற்காகத் தரை சரிவாக இருக்கும். அந்த லாரிக்கு ஹேண்ட் பிரேக் இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை. கியரில் போட்டுத்தான் நிறுத்தியிருந்தோம். ஏறி உட்கார்ந்து கிளட்சை மிதித்தால் போதும், வண்டி தானாக உருளும். என் கால்கள் பின்சக்கரத்துக்கு நேராக நீட்டியிருந்தன.

புதிதாக உயிர் வந்த வண்டியில் முதல்முறை செருப்போடு ஏறுவது அவருக்கு வழக்கமில்லை. கேட்டருகிலேயே கழற்றிவிட்டுத்தான் வந்திருந்தார். ஃபுட்போர்டில் ஒரு காலை வைத்தபோது கீழே இருந்த இன்னொரு கால் வழுக்கியது. குனிந்து பார்த்தால் தரையில் எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு பாதத்தின் தடம். சோப்புக்குப் போகாத ஆயில். பின்னால் இன்னொன்று, அதற்கும் பின்னால் இன்னொன்று, குழாயடிவரை. எல்லாத் தடங்களின் விரல்களும் லாரியைப் பார்த்தே இருந்தன. திரும்பிப் போன தடம் ஒன்றுகூட இல்லை.

"அப்பறந்தான் குனிஞ்சு பாத்தேன் பாய். கைய வயித்து மேல வெச்சுகினு, வாய தொறந்துகினு தூங்கறான்." 

கட்டையைச் சத்தமில்லாமல் திரும்பச் சக்கரத்துக்கு அடியில் வைத்திருக்கிறார். கேட்டுக்குப் போய்த் தன் செருப்பை எடுத்து வந்து ஃபுட்போர்டில் வைத்திருக்கிறார், வேறு யாரும் வந்து வண்டியைத் தொட்டுவிடக் கூடாதென்று. பிறகு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு அப்போது பயம் வரவில்லை. பயம் இரண்டு நாள் கழித்து, டீ குடித்துக்கொண்டிருந்தபோது வந்தது. கிளாஸைக் கீழே வைக்கவேண்டியதாகிவிட்டது.

அன்று லாரி கிளம்பியது. ஆயில் டின்னோடு நானும் கேபினில் ஏறிக்கொண்டேன். அக்காதான் ஓட்டினார். அந்த நீள மூக்குக்கு முன்னால் வாகனங்கள் தாமாக ஒதுங்கின. ஐ.டி. பஸ்களின் ஜன்னலிலிருந்து ஆட்கள் போனை நீட்டிப் படமெடுத்தார்கள். கண்ணாடியில் தூசியும் வெயிலும் கலந்து, ரோடே பொன்னிறப் புகைக்குள் மிதப்பதுபோல இருந்தது. நான் இன்னும் முழித்துக்கொண்டேனா இல்லையா என்ற சந்தேகம் எனக்குப் போகவே இல்லை. ஏரிக்கரையில் சினிமாக்காரர்கள் நேரமாகிவிட்டதென்று கத்தினார்கள். அக்கா வண்டியைக் கரைமேல் ஏற்றினார். வெயில் கொஞ்சம் மிச்சமிருந்தது. அது போதுமானதாக இருந்தது.

படம் எடுத்து முடிந்ததும், திரும்பக் கிளம்பக் காத்திருந்தபோது கேட்டேன், "அவ்வளவு அவசரத்துல என்னை ஏன்க்கா எழுப்பல? பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாமே."

"உன் பேரு எனக்கெங்க தெரியும்?" என்றார். பிறகு ஒரு கடலையை உடைத்துக்கொண்டே, "நல்லா தூங்கிகினு இருந்தப்பா. எழுப்ப மனசு வரல" என்றார்.

அவருக்கு அது அவ்வளவுதான். எனக்கு அப்படியில்லை. பன்னிரண்டு வயதிலிருந்து வெளியில் படுத்துப் பழகியவன். பஸ் ஸ்டாண்டில் லத்தியால் தட்டி எழுப்பியிருக்கிறார்கள். கடை வாசலில் தண்ணீர் தெளித்து எழுப்பியிருக்கிறார்கள். லாரியில் கிளீனராகப் போனபோது டிரைவரின் கால்தான் எனக்கு அலாரம். அதை நான் குறையாக நினைத்ததில்லை. இடம் அவர்களுடையது, தூக்கம் என்னுடையது, அவ்வளவுதான். ஆனால் நான் தூங்கவேண்டும் என்பதற்காக ஒருவர் தன் வேலையை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது அந்த ஒரு மதியம்தான்.

அந்த ஷெட்டையும் பிறகு விட்டுவிட்டேன். இப்போது வேறு ஊர், வேறு வேலை. போகிற வழியில் மர நிழலிலோ நின்றிருக்கும் வண்டிக்குப் பக்கத்திலோ முன்பின் தெரியாத யாராவது அசந்து தூங்குவதைப் பார்த்தால் என்னால் அப்படியே கடந்துபோக முடிவதில்லை. அவர் படுத்திருக்கும் இடம் பத்திரமானதுதானா என்று சுற்றிப் பார்த்துவிட்டு, எழுப்பாமல், கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்றுவிட்டுத்தான் போகிறேன்.