சுரண்டிப் பார்க்காத மண்

பாரோ பள்ளத்தாக்கில் வழிகாட்டிகள் நாலு பேர் கூடுகிற இடத்தில் தாம்சோவைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். வாயால் பதில் வராது. கண்ணைச் சுருக்கி, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் காட்டுவார்கள். அதுதான் தாம்சோ. நாற்பத்தொரு வயது, பதினாறு வருடமாக மலையேற்ற வழிகாட்டி, யாரையும் நம்பாத குணம். வெண்ணெய்க் கடைக்காரன் எடை போட்டுக் கொடுத்ததை வீட்டுக்கு வந்து இன்னொரு தரம் கையில் தூக்கிப் பார்ப்பாள். கணவர் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தால், "யாரைப் பாத்துட்டு வர்ற?" என்பாள். சிரிக்காமல் வந்தால், "யாரு என்ன சொன்னா?" என்பாள். எந்த முகத்தோடு கதவைத் திறப்பது என்று அந்த மனுஷர் வாசலிலேயே நின்று யோசித்துவிட்டுத்தான் வருவார்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அவள் அரண்டது பதினோரு வயதில். உருளைக்கிழங்கு வாங்க வந்திருப்பதாகச் சொல்லிக்கொண்டு ஒருவன் அவர்கள் ஊருக்கு வந்தான். அப்பாதான் வீட்டுக்குள் அழைத்தார். மூன்று ராத்திரி தங்கினான். அம்மா நல்ல போர்வையாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தாள். நாலாம் நாள் காலையில் ஆளைக் காணோம். ஊருக்கு மேலே இருந்த பழைய ஸ்தூபியின் வயிறு பிளந்து கிடந்தது. உள்ளே வைத்திருந்த விலை உயர்ந்த பழங்கால ஸீ மணிகள், பவளம், எதுவும் மிச்சமில்லை. திருடன் அகப்படவேயில்லை. அகப்பட்டது அப்பாதான். "சோறு போட்டு அனுப்பி வெச்சவன்" என்று பெயர் வாங்கினார். இரண்டு வருடம் ஒரு வீட்டு விசேஷத்துக்கும் அவரை யாரும் கூப்பிடவில்லை. அதற்குப் பிறகு அவர் சாகிறவரை யாரையும் "உள்ள வாங்க" என்று சொன்னதில்லை.

தன் கையால் மலைக்கு அழைத்துப்போன ஆள் ஒருநாளும் மலையில் கைவைக்கக் கூடாது. தாம்சோவுக்கு வாழ்க்கையில் இருந்த ஒரே பயம் அதுதான்.

அந்த மார்ச் மாதம் காலின் வந்தார். பெர்த் நகரத்துக்காரர், அறுபது வயதிருக்கும், தனி ஆள். ஒரே நாள் நடை, யுசாகாங் மடாலயம் வரை ஏறி இறங்குவது. காரிலிருந்து இறங்கியதுமே தாம்சோ பார்த்துவிட்டாள். முதுகில் பெரிய பை, மார்பில் ஒரு சின்னப் பை. பெரிய பையைச் சாப்பாடு சுமந்து வந்த டிரைவர் டோப்கேயிடம் தாராளமாகக் கொடுத்தார். சின்னப் பைக்குக் கை நீட்டியபோது இரண்டு கையாலும் மூடிக்கொண்டார்.

"அக்கா, பாஸ்போர்ட்டா இருக்கும்," என்றான் டோப்கே.

"பாஸ்போர்ட்டை எவன்டா குழந்தையைப் பிடிக்கிற மாதிரி பிடிப்பான்? மடியில கனம் இருந்தாத்தான் வழியில பயம்."

வழி நெடுக அவள் கணக்கெடுத்துக்கொண்டே வந்தாள். முதல் ஸ்தூபி வந்ததும், அவள் சொல்வதற்கு முன்பே அந்த ஆள் இடப்பக்கமாக ஒதுங்கி, வலம் சுற்றினார். வெளிநாட்டுக்காரர்களுக்கு அதைச் சொல்லிச் சொல்லியே அவளுக்குத் தொண்டை வறண்டிருக்கிறது. இவருக்கு எப்படித் தெரியும்? ஓய்வெடுத்த இடத்தில் டோப்கே தன் தூக்கைத் திறந்து எமா தாட்சியை நீட்டினான். மிளகாயும் பாலாடைக்கட்டியும் கொதிக்கிற அந்தக் குழம்பை ஒரு வாய் வைத்தால் மற்றவர்கள் தண்ணீருக்குப் பறப்பார்கள். இவர் கண்ணில் நீர் வர மூன்று கரண்டி சாப்பிட்டார். தண்ணீர் கேட்கவில்லை.

அப்புறம் கேள்விகள். மேலே எத்தனை பிக்குகள் இருக்கிறார்கள்? காவலுக்கு இருப்பவர் மதியம் தனியாகத்தான் இருப்பாரா? மடாலயத்துக்குப் பின்னால் ஏதோ பாறை உண்டாமே, அங்கே போக விடுவார்களா?

"மேலேயிருந்து ஆறு வளையுற இடம் தெரியுமா?" என்று இரண்டு தரம் கேட்டார்.

'தப்பிக்க வழி பார்க்கிறான்' என்று நினைத்தாள் தாம்சோ. "மேகம் இருந்தா ஒண்ணும் தெரியாது சார்," என்று சொல்லி வாயை மூடிக்கொண்டாள்.

இரண்டு மணி நேர ஏற்றத்துக்குப் பிறகு ஒரு பாறைக் குடை வரும். அதன் நிழலில் நூற்றுக்கணக்கான சாசாக்கள் அடுக்கியிருக்கும். இறந்தவரின் சாம்பலை மண்ணில் குழைத்து, அச்சில் அழுத்தி எடுத்து, சுண்ணாம்பு பூசிய கட்டைவிரல் உயரக் குட்டி ஸ்தூபிகள். ஒவ்வொன்றும் யாரோ ஒருவர். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் தெரியாது. ஞாபகப் பொருள் என்று அதையும் பைக்குள் போட்டுக்கொண்டு போகிற புண்ணியவான்கள் உண்டு.

காலின் உட்கார வேண்டும் என்றார். டோப்கே ஒதுங்கப் போனான். தாம்சோ ஊற்றில் தண்ணீர் பிடிக்கப் போகிறவள் போலப் போய், பத்தடியில் திரும்பிப் பார்த்தாள். அந்த ஆள் பாறைக்கு முன்னால் மண்டியிட்டிருந்தார். மார்புப் பை திறந்திருந்தது. கையில் ஒரு சாசா. அதைப் பட்டுத் துணிக்குள் சுற்றிக்கொண்டிருந்தார்.

"வைங்க கீழே!"

அவள் போட்ட சத்தத்தில் ஊற்றுப்பக்கம் இருந்த காக்கைகள் பறந்தன. டோப்கே கச்சையைக் கட்டிக்கொண்டே ஓடிவந்தான்.

"இது என்னோடது," என்றார் காலின்.

"எல்லாரும் அப்படித்தான் சார் சொல்லுவாங்க."

"என் மனைவி. பெம் யூதென். இந்த ஊர்ப் பொண்ணு. போன வருஷம் அங்க இறந்துட்டா. மேலே கொண்டுபோய் வைக்கச் சொன்னா. இங்க இருக்கிற மாதிரியே செஞ்சிருக்கேனான்னு பக்கத்துல வெச்சுப் பாத்தேன், அவ்வளவுதான்."

"அவங்க வீடு எது? அண்ணன் தம்பி யாரு? ஒரு பேர் சொல்லுங்க, போன் போடுறேன்."

"இங்க இப்ப யாரும் இல்லை. அப்பா அம்மா இறந்தாச்சு. தம்பியும் பெர்த்லதான் இருக்கான்."

விசாரிக்க ஆளில்லாத பொய் என்று தீர்மானித்தாள் தாம்சோ. "அப்ப இதை ஏன் காலையிலேயே சொல்லலை?"

அவர் தலையைக் குனிந்தார். "விமான நிலையத்துல சொல்லாம கொண்டுவந்துட்டேன். பிடுங்கிடுவாங்களோன்னு பயம்."

"சரி, கீழே போவோம். போலீஸ்ல சொல்லுங்க."

போலீஸ் என்றதும் அந்த முகம் வெளுத்ததே, அது போதாதா? டோப்கே மட்டும் முனகினான், "அக்கா, கொஞ்சம் பொறுங்க, நிஜமா இருந்தா?"

"உன் வீட்ல ஒருத்தன் மூணு நாள் வந்து சாப்பிட்டிருந்தா உனக்குத் தெரியும். சும்மா இரு."

காலின் அப்போதுதான் அதைச் சொன்னார். "எங்க வீட்டுப் பின்பக்கத்து மண்ணுல செஞ்சேன். அது சிவப்பு மண். சுரண்டிப் பாருங்க. இதோ..." என்று கட்டைவிரல் நகத்தைச் சுண்ணாம்பின் மேல் வைத்தார்.

தாம்சோ பாய்ந்து பிடுங்கிக்கொண்டாள். யாருடைய சாம்பலோ! அதை நகத்தால் சுரண்டுவதா? அந்தப் பாவத்தை எந்த ஜென்மத்தில் கழுவுவது? திருடியதும் இல்லாமல் உடைக்கவும் பார்க்கிறான். கோபத்தோடு அதைக் கொண்டுபோய் அந்த நூற்றுக்கணக்கானவற்றோடு சேர்த்து, இடம் கிடைத்த ஓரத்தில் வைத்தாள். திரும்பியபோது அந்த மனிதர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எது என்று அவருக்கே தெரியவில்லை.

"ஒரே ஒரு தடவை தேடிப் பாக்க விடுங்க."

"கிட்ட வராதீங்க சார்."

நடை அங்கேயே முடிந்தது. சாசா திரும்பிவிட்டதால் போலீஸ் பேச்சை அவள் விட்டுவிட்டாள். உச்சிக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.  கீழே ஓட்டல் வாசலில் காலின் டோப்கேயின் கையைப் பிடித்துக் குலுக்கினார். தாம்சோவைப் பார்த்து, இரண்டு கையையும் விரித்துக் குனிந்து, "காத்ரின்சே லா," என்று நன்றி சொன்னார். அந்த ஊர்ப் பழக்கம் தப்பாமல். 'நடிப்பிலும் குறையில்லை' என்று நினைத்துக்கொண்டாள். மறுநாள் விமானம் ஏறிப் போய்விட்டார்.

அப்புறம் தாம்சோவுக்கு ஒரே புகழ். கம்பெனி முதலாளி எல்லோர் முன்னாலும் வெள்ளைத் துண்டு போர்த்தினார். போகிற இடமெல்லாம் அவள் அந்தக் கதையைச் சொன்னாள், மூக்கை உறிஞ்சி, அழுகிற குரலில், "என் மனைவி... பெம் யூதென்..." என்று நடித்துக் காட்டினாள். யுசாகாங் மடாலயத்தில் காவலுக்கு இருக்கும் பிக்கு லோபன் குன்லே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"சிரிக்காதீங்க லோபன். இனிமே யாரு சாசா எடுத்துட்டு மேலே வந்தாலும் வாசல்லயே நிறுத்துங்க. என்னோடதுன்னுதான் சொல்லுவாங்க. நம்பாதீங்க."

லோபன் நிறுத்தத் தொடங்கினார்.

செப்டம்பரில் மழை கொட்டித் தீர்த்தது. மறுநாள் வரப்போகிற விருந்தினர்களுக்குப் பாதை எப்படியிருக்கிறது என்று பார்க்கத் தாம்சோ தனியாக ஏறினாள். பாறைக் குடையின் கீழே வெள்ளைக் கல்லில் சிவப்பாக ஒரு கோடு வழிந்திருந்தது.

"எந்த நாசமாப் போறவனோ வெத்தலை துப்பியிருக்கான்!"

சாசா அடுக்கியிருக்கிற இடத்தில் துப்புகிறவன் மனுஷனா? திட்டிக்கொண்டே துடைக்கப் போனாள். துணியில் பிசுபிசுத்தது. எச்சில் இல்லை, மண். கோட்டைப் பிடித்துக்கொண்டு கண்ணை மேலே ஓட்டினாள். ஓரத்தில், பாறை விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டுகிற இடத்தில், ஒரு சாசாவின் சுண்ணாம்பு முழுக்கக் கரைந்து போயிருந்தது. ஒரு பக்கம் இடிந்திருந்தது. உள்ளே செங்கல் சிவப்பு. பாரோ மண் மஞ்சள். இடித்தாலும் அரைத்தாலும் அதில் சிவப்பு வராது.

தாம்சோ அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அதை அந்த ஓரத்தில் வைத்தது யாருடைய கை என்று அவளுக்கு நினைவிருந்தது. ஆறு மாதம் ஊர் ஊராகப் போய் அழுது காட்டிச் சிரிக்க வைத்தது ஒரு செத்த பெண்ணின் பெயரை வைத்து. வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது. வீட்டுக்குள் விட்டதற்காக அப்பா பட்ட அவமானம் பெரிதா, இது பெரிதா என்று கேட்டால், இதுதான் என்று அவளுக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது.

தோளில் கிடந்த ரச்சுவை எடுத்தாள். சன்னதிக்குள் போகும்போது பெண்கள் போட்டுக்கொள்கிற அந்தத் துண்டில், உதிர்ந்த மண்ணையும் சேர்த்து வழித்துச் சுற்றி, மார்போடு அணைத்துக்கொண்டு ஏறினாள். வழுக்கிய இடத்தில் முட்டி சிராய்ந்தது. கையைத் தரையில் ஊன்றினால் அது விழுந்துவிடும், அதனால் ஊன்றவில்லை.

வாசலில் லோபன் குன்லே நின்றிருந்தார்.

"யாரு, தாம்சோவா? விருந்தாளிங்க இல்லாம எங்க இந்தப் பக்கம்? அதென்ன அணைச்சுப் பிடிச்சிருக்க?"

"சாசா, லோபன்."

அவர் முகத்திலிருந்து சிரிப்பு போனது. "எங்கேருந்து எடுத்த?"

"கீழே, பாறைக்கிட்ட."

"பாறையில இருந்ததையா? யாரோடது?"

"என்... நான்தான் கொண்டுவரேன். விடுங்க லோபன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க, நம்பாதீங்கன்னு நீதானம்மா சொன்ன?" அவர் நடுவாசலில் வந்து நின்றார். "உனக்கு ஒரு நியாயம், ஊருக்கு ஒரு நியாயமா? காட்டு."

தாம்சோ ரச்சுவைப் பிரித்தாள். அவர் குனிந்து பார்த்தார். விரல் நீட்டித் தொடப்போய், தொடாமல் கையை இழுத்துக்கொண்டார்.

"இது நம்ம மண்ணு இல்லையே."

"இல்ல."

"பேரு?"

"பெம் யூதென்."

அந்தப் பெயர் அவருக்கும் தெரியும். அதற்குத்தான் அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருந்தார். பிறகு லோபன் வழிவிட்டார். விளக்குக்கு வெண்ணெய் எடுத்துக்கொண்டு பின்பக்கத்துப் பாறையை நோக்கி நடந்தார்.

"எந்தப் பக்கம் வைக்கணும்?" என்று கேட்டார்.

"ஆறு வளையுற பக்கம்," என்றாள் தாம்சோ. அவளைக் கேட்காமலே அவள் கண்கள் நிறைந்து வழிந்தன.

அன்று மேகம் இல்லை. கீழே பள்ளத்தாக்கில் ஆறு வளைவது துல்லியமாகத் தெரிந்தது. லோபன் அந்தப் பெயரைச் சொல்லி ஓதி முடித்தார். தாம்சோ சாசாவையும் ஆற்றையும் சேர்த்துப் படம் எடுத்தாள். காலினின் எண் இன்னும் போனில் இருந்தது. உருளைக்கிழங்கு வாங்க வந்தவனைப் பற்றி, அப்பாவைப் பற்றி, நீளமாக எழுதினாள். எழுதியதை எல்லாம் அழித்தாள். படத்தை வைத்து, அடியில் "அது உங்களுடையதுதான். மன்னித்துவிடுங்கள்" என்று மட்டும் போட்டு அனுப்பினாள்.

வாசலுக்கு வெளியே ஒரே ஒரு இடத்தில்தான் சிக்னல் கிடைக்கும். அங்கே போய் நின்றாள். இரண்டு டிக்குகளும் நீலமாயின. அவர் பார்த்துவிட்டார்.

"டீ ஆறுது தாம்சோ, உள்ள வாம்மா," என்று லோபன் கூப்பிட்டார்.

காலினிடமிருந்து பதில் வரவில்லை. அவள் போனைக் கையில் பிடித்தபடி அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள்.