தபால்காரர் எழுதிய பாட்டு

கடிதத்தை வாசித்துக் காட்டும்போது எங்கள் தபால்காரர் செருப்பைக் கழற்றிவிடுவார். மணல் எப்படிக் கொதித்தாலும் சரி. மணமேல்குடிக்குத் தெற்கே, கடலோரத்தில் இருந்த எங்கள் ஊரில் பாதி வீட்டு ஆண்கள் பினாங்குக் கடைகளில் இருந்தார்கள். எழுத்துத் தெரியாத பெண்கள் வாசல் திரைக்குப் பின்னால் வந்து நிற்பார்கள். இவர் வெளியே நின்று, பக்கத்து வீட்டுக்குக் கேட்காத குரலில் இரண்டு தடவை படித்துவிட்டு, கடிதத்தை மடித்துத் திரையோரமாக நீட்டுவார். "படிச்சத அங்கனயே மறந்துரணும். இல்லாட்டி இந்த வேலைக்கு லாயக்கில்ல" என்பார். அந்த ஒரு நம்பிக்கையில்தான் புருஷன் எழுதியதை அந்தப் பெண்கள் இன்னொரு ஆணின் வாயால் கேட்டார்கள்.

ஐம்பதுகளின் நடுவில் நான் ஒரு நாடகக் கம்பெனியில் ஆர்மோனியம் வாசித்தேன். எனக்கு மெட்டு வரும், வார்த்தை வராது. வார்த்தைக்குத் தபால்காரரைத்தான் பிடிப்பேன். கப்பலேறிப் போனவன் ஊரை நினைத்துப் பாடும் காட்சிக்கு ஒரு பாட்டு வேண்டியிருந்தது. திருவரங்குளத்தில் நாடகம், இடையில் மூன்றே நாள். அவர் கொண்டுவந்த பல்லவியில் அலை இருந்தது, நிலா இருந்தது, உயிர்தான் இல்லை. "இத எவன்யா கேப்பான்?" என்று எரிந்து விழுந்தேன். என் வாய் அப்போது அப்படி.

அவர், யாருடையது என்று சொல்லாமல், ஒரு கடிதத்தில் படித்ததைச் சொன்னார். விடியற்காலையில் வீட்டுக் கிணற்றுச் சகடை சுழலும் சத்தம் கேட்டதாம். முகம் கழுவ மனைவி தண்ணீர் ஊற்றுவாள் என்று தூக்கத்திலேயே எழுந்து உட்கார்ந்து இரண்டு கையையும் ஏந்தினாராம் அந்த மனிதர். துறைமுகத்தில் சங்கிலி இழுக்கிற சத்தமாம் அது. அறையில் கூட இருந்தவர்கள் சிரித்தார்களாம். "இதான்யா பாட்டு!" என்றேன். "வேணாங்க, இது அடுத்தவங்க பொருளு" என்றார். "பினாங்குல இருக்கிறவனுக்கு இங்க பாடுறது கேக்கவா போகுது?" என்று நான்தான் அவரை மடக்கினேன்.

சகடைச் சத்தம் கேட்குதுன்னு ரெண்டு கை ஏந்தினேன் – தண்ணி
வார்க்க ஒரு ஆளில்லாத சீமையில் ஏங்கினேன்.

திருவரங்குளத்தில் மூன்று தடவை திருப்பிப் பாடச் சொன்னார்கள். ஆறு மாதத்தில் பட்டணத்திலிருந்து ஒருவர் வந்து அதை இசைத்தட்டாக்கிக்கொண்டு போனார். பிறகு கல்யாண வீடு, காப்பிக் கடை என்று எங்கு போனாலும் அதுதான். நான் தலைகால் தெரியாமல் ஆடினேன். தபால்காரர் மட்டும் தட்டில் தன் பெயர் வேண்டாம் என்று கெஞ்சி நிறுத்திவிட்டார். அதைத் தன்னடக்கம் என்று நினைத்த மடையன் நான்.

தட்டு பினாங்குக்கும் போனது. அன்று சிரித்த அறைக்காரர்கள் அதைக் கேட்டு யார் கதை என்று கண்டுபிடித்துவிட்டார்கள். அந்த மனிதருக்குக் 'கையேந்தி' என்று பட்டப்பெயர் விழுந்துவிட்டதாக அங்கிருந்து திரும்பிய ஒருவர் சொன்னார். தனக்கு மட்டும் எழுதியதை மனைவி ஊரெல்லாம் சொல்லிவிட்டாள் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். கடிதம் வருவது நின்றுபோனது.

தபால்காரர் தினமும் அந்த வீட்டைக் கடந்துதான் போகவேண்டும். "கடுதாசி இருக்காண்ணே?" என்று திரைக்குப் பின்னாலிருந்து குரல் வரும். இல்லை என்பார். நாலாவது மாதம் அந்தக் குரல் வேறொன்று கேட்டது. "கல்யாண வீட்டுல பாட்டக் கேட்டேன். அது அவுக கடுதாசிதானேண்ணே? நான் ஆருட்டயும் சொல்லலையே." அன்று சாயங்காலமே வந்து அவர் இதை என்னிடம் சொன்னார். பாட்டை நிறுத்தச் சொல்லி நாடகக் கம்பெனி முதலாளியிடம் போனேன். கூட்டமே அதற்குத்தான் வருகிறது என்று அவர் என்னை விரட்டிவிட்டார்.

குற்றம் முழுவதும் தன்னுடையது, அந்தப் பெண் ஒரு சொல்லும் வெளியே விடவில்லை என்று தபால்காரர் பினாங்குக்கு எழுதினார். அந்த மனிதர் அந்தக் காகிதத்தை அப்படியே மேலதிகாரிக்கு அனுப்பினால் தபால்காரருக்கு வேலை போய்விடும். வீட்டில் நாலு பெண்பிள்ளைகள். என் பெயரையும் சேர்த்து எழுதச் சொன்னேன், சேர்க்கவில்லை. இரண்டு மாதம், தபால் பை வரும்போதெல்லாம் மேலிடத்து உத்தரவு ஏதும் இருக்கிறதா என்று அவரிடம் போய்க் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

கடைசியில் பதில் வந்தது, மனைவி பெயருக்கு. மன்னிப்புக் கேட்க நானும் கூடப் போனேன். தபால்காரர் செருப்பைக் கழற்றிவிட்டுப் படித்தார். நலம், நலமறிய ஆவல். மழை உண்டா? அத்தாவுக்கு இருமல் எப்படி? அவ்வளவுதான்.

"வேற ஒண்ணும் இல்லையா?" என்றது குரல்.

மறுபடி படித்தார். அதே மூன்று வரி. திரை அசையவில்லை. அவரால் தாங்க முடியவில்லை போலும், கண் தாளைவிட்டு விலகியது. "ஓரத்துல பொடியா ஒரு வரி இருக்கு தாயி. 'ஒன் நெனப்பாவே இருக்கேன்'னு எழுதியிருக்காங்க" என்றார்.

உள்ளிருந்து கை மட்டும் வந்து கடிதத்தை வாங்கிக்கொண்டது.

"அதப் பாட்டுல வச்சுக்கங்கண்ணே. கடுதாசிய மட்டும் படிங்க."