பதினான்காம் ஃபாரத்துக்குப் பிறகு

இப்போது நடு அக்கா மருந்துப் பெட்டிக்குள் வைக்கிற தாள்களை மட்டும்தான் மடிக்கிறாள். ஒரு நாளைக்கு எத்தனை வேளை, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, தலை சுற்றினால் என்ன செய்வது என்றெல்லாம் பொடி எழுத்தில் அச்சடித்த தாள். மேஸ்திரியிடம் கேட்டு வாங்கிக்கொண்ட வேலை. "கதை கிதை இருக்கற எதையும் என் மேசைக்கு அனுப்பாதீங்க" என்று சொல்லிவிட்டாள். அதற்குக் காரணம் நான். யாரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை, அக்காவும் சொல்லவில்லை. அதனால்தான் நானே சொல்கிறேன்.

எங்களுடையது புத்தகம் கட்டும் பட்டறை. அச்சகத்திலிருந்து பெரிய பெரிய தாள்களாக வரும். ஒரு தாளில் பதினாறு பக்கம், பாதி தலைகீழாக நிற்கும். மூன்று முறை மடித்தால் பக்கங்கள் ஒழுங்காக வரிசைக்கு வந்துவிடும். அதற்கு ஒரு ஃபாரம் என்று பெயர். மடிப்பு மேசைகள் ஏழு, மேசைக்கு ஒரு பெண், ஆளுக்கு ஒரு மூங்கில் பட்டை, மடிப்பை அழுத்தித் தேய்க்க. பதினான்கு ஃபாரம் உள்ள புத்தகம் என்றால் ஆளுக்கு இரண்டு. நடு மேசை அக்காவுடையது, ஆகவே அவள் நடு அக்கா. கடைசி மேசை என்னுடையது. என் பெயர் கடைசி. வெளியே யாராவது சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க எனக்கே ஒரு நிமிடம் ஆகும்.

ஒரு ஃபாரத்தை மூவாயிரம் முறை மடிப்பவளுக்கு அது மனப்பாடம் ஆகாமல் என்ன ஆகும்? மற்ற புத்தகங்கள் என்றால் காதில் வாங்காத பேச்சு மாதிரிப் போய்விடும். வரிவிதிப்பு, தோட்டக்கலை, யாரோ ஒருவரின் வெற்றி ரகசியம். ஆனால் அந்தப் பேய்க்காதல் தொடர் வந்த பிறகு பட்டறையே மாறிப்போனது.

கதை இதுதான். விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு பெண். அந்த விடுதிக் குளத்தில் பதினைந்து வருடங்களுக்கு முன் மூழ்கிச் செத்த ஒரு பையன். அவனுக்கு இன்னும் வயது பதினேழு, தலையில் இன்னும் ஈரம். அவள் கண்ணுக்கு மட்டும் தெரிவான். மொத்தம் ஏழு பாகம் என்று முதல் பாகத்தின் முதல் பக்கத்திலேயே போட்டிருந்தார்கள். ஒவ்வொரு பாகத்திலும் அவன் கொஞ்சம் கொஞ்சமாக மனிதனாவான். இரண்டாம் பாகத்தில் நிழல் விழுந்தது. மூன்றாவதில் தரையில் கால் பதிந்தது. நான்காவதில் பசித்தது. "அடுத்த பாகத்துல ரேஷன் கார்டு வாங்கிடுவான்" என்று நான் கிண்டல் செய்வேன். எல்லோரும் சிரிப்பார்கள், அக்கா மட்டும் சிரிக்க மாட்டாள்.

மதியம் சாப்பாட்டு நேரத்தில்தான் கதை முழுசாகும். முதல் மேசைக்காரி ஒன்றும் இரண்டும் சொல்வாள், அடுத்தவள் மூன்றும் நான்கும், அப்படியே வந்து என்னிடம் முடியும். யாரும் முறை தாண்டிச் சொல்லக் கூடாது என்பது நாங்களே போட்டுக்கொண்ட சட்டம். அச்சகத்துக்கு அந்தச் சட்டம் தெரியாது. ஐந்தாம் பாகத்தில் எனக்குப் பதினான்காம் ஃபாரம்தான் முதலில் வந்து சேர்ந்தது. ஒன்பது நாள் அந்த முடிவை வயிற்றில் வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு பிள்ளைத்தாய்ச்சிகூடப் பட்டிருக்க மாட்டாள். யாரும் கடையில் புத்தகம் வாங்கவில்லை. "வாங்கிப் படிச்சா அது வேற கதை. இது நாம மடிச்ச கதை" என்பாள் அக்கா.

அக்காவின் மேசைக்கு எப்போதும் ஏழும் எட்டும், அதாவது தொண்ணூற்று ஏழாம் பக்கத்திலிருந்து நூற்று இருபத்தெட்டு வரை. நடுக்கதை. எந்தப் பாகமானாலும் அந்தப் பக்கங்களில் அவன் வந்திருப்பான், இருவரும் படியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். என்னுடைய பக்கங்களில் அவன் போய்க்கொண்டிருப்பான். ஆறு பாகமும் அப்படித்தான்.

அக்காவின் வீட்டுக்காரர் காணாமல் போனது முதல் பாகம் வருவதற்கு முந்தைய வருடம். சண்டை இல்லை, சச்சரவு இல்லை. பக்கத்து ஊரில் கட்டட வேலை, நான்கு நாளில் வந்துவிடுகிறேன் என்று சொல்லி, மழைக்கு வீட்டில் இருந்த ஒரே குடையையும் எடுத்துக்கொண்டு போனார். பஸ் நிலையத்திலிருந்து ஒரு தடவை போன் செய்தார். "குடையை நான் எடுத்துட்டு வந்துட்டேன், நீ நனையாம போ" என்றாராம். அவ்வளவுதான். கட்டட வேலை நடந்த இடத்தில் அப்படி ஒரு ஆள் வரவே இல்லை என்றார்கள். காவல் நிலையம், ஆஸ்பத்திரி, பிணவறை என்று அக்காவின் அண்ணன் அலையாத இடமில்லை. அக்கா அதன் பிறகு குடை வாங்கவில்லை. நனைந்துகொண்டே வேலைக்கு வருவாள்.

எட்டாவது வருடம் அண்ணன் ஒரு காரியம் செய்தார். இத்தனை வருடம் தகவல் இல்லாத ஆளை இறந்தவராகப் பதிவு செய்யலாம் என்று கேள்விப்பட்டு, எல்லாக் காகிதத்தையும் தயார் செய்துவிட்டார். மனைவியின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அவர் அவசரப்பட்டதற்குக் காரணம் உண்டு. எங்கள் பட்டறையில் புத்தக முதுகுக்குப் பசை தடவி அட்டை ஒட்டுகிறவர், பசைக்காரர் என்போம், பெண்டாட்டியை இழந்தவர், ஒரு மகள். அக்காவைக் கட்டிக்கொள்ள விருப்பம் என்று அண்ணனிடம் முறையாகக் கேட்டிருந்தார். நல்ல மனிதர். விரல் இடுக்கில் எப்போதும் காய்ந்த பசை இருக்கும், பேச்சில் ஒட்டாது. நனைந்து வரும் அக்காவுக்கு ஒன்றும் சொல்லாமல் ஒரு துண்டை எடுத்து மேசை ஓரத்தில் வைத்துவிட்டுப் போவார்.

அக்கா கையெழுத்துப் போடவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஒருநாள் கை கழுவும் இடத்தில் என்னிடம் மட்டும் சொன்னாள்.

"ஏழாம் பாகம் வரட்டும்டி. அவன் திரும்பி வந்தா நானும் காத்திருக்கேன். வரலைன்னா கையெழுத்துப் போட்டுடறேன்."

"அக்கா, அது எவனோ உக்காந்து எழுதறது. உன் வாழ்க்கையை அவனா முடிவு பண்ணணும்?"

"யாராவது ஒருத்தர் சொல்லணும்ல? எனக்கு வேற யாரு சொல்றா?"

எனக்குக் கோபம் வந்தது. பைத்தியம் என்று மனதில் திட்டினேன். ஆனால் அதற்கு அப்புறம் கிண்டல் செய்வதை விட்டுவிட்டேன். ஆறாம் பாகத்தின் கடைசியில் அவன் விரலில் முள் குத்தி ரத்தம் வந்தது. நான் அதைச் சொன்ன மதியம் அக்கா சாப்பிடாமல் சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அந்த ரத்தத்தை நான் இன்னொருத்திக்கும் சொன்னேன். பசைக்காரரின் மகள் பஸ் நிறுத்தத்தில் பிடித்துக்கொண்டு, "சொல்லுங்க அத்தை, ஒண்ணே ஒண்ணு" என்று கெஞ்சினாள். வாய் சும்மா இருக்கவில்லை. அவள் பள்ளிக்கூடம் பூராவும் சொல்லிவிட்டாள். புத்தகம் கடைக்கு வருவதற்கு முன்பே முடிவு ஊர் முழுக்கச் சுற்றியது. பதிப்பகத்திலிருந்து ஒருவர் வந்து மேஸ்திரியைப் பிடித்துக் காய்ச்சி எடுத்துவிட்டுப் போனார். நாங்கள் ஏழு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஏழாம் பாகம் இரண்டு வருடம் தாமதமாக வந்தது. ஒன்று, இரண்டு என்று இந்த முறை வரிசையாகவே தாள்கள் இறங்கின. அக்காவின் ஏழும் எட்டும் வந்தபோது அதில் அவனுக்கு மூச்சு வாங்கியது. படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது என்று எழுதியிருந்தது. அக்கா அந்த வரியை மூவாயிரம் தடவை மடித்தாள்.

என் பதினான்காம் ஃபாரம் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. முதல் தாளை மடித்ததுமே கடைசிப் பக்கத்துக்குப் போனேன். அவன் குளத்தில் இறங்குகிறான். தண்ணீர் கழுத்துக்கு வருகிறது, பிறகு மூடுகிறது. வட்டங்கள் அடங்குகின்றன. அவள் விடியும்வரை படியில் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து விடுதிக்குப் போகிறாள். பக்கம் முடிந்தது.

முந்தைய ஆறு பாகத்திலும் கடைசிப் பக்கத்தின் அடியில் 'தொடரும்' என்று இருந்தது. இதில் 'முற்றும்' என்று இருக்க வேண்டும். இல்லை. பன்னிரண்டு வருடம் புத்தகம் மடித்தவளுக்கு அது கண்ணில் உறுத்தியிருக்க வேண்டாமா? போதாக்குறைக்கு மேஸ்திரி, "மடிச்சு அடுக்கி வைங்க, இப்ப தைக்க வேண்டாம்" என்றார். அட்டை வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். உள்ளதைச் சொன்னால், எனக்கு அந்த முடிவு பிடித்திருந்தது. அக்கா அந்தக் குடைக்காரரை விட்டுத் தொலைக்கட்டும், துண்டு வைக்கிறவரோடு நன்றாக இருக்கட்டும் என்று ஆசை. ஆசை இருக்கிறவள் பக்கத்தின் அடியைப் பார்க்க மாட்டாள்.

திங்கட்கிழமை மதியம் முறை வந்தது. சொன்னேன். மற்ற ஐந்து பேரும் அழுதார்கள். அக்கா மட்டும் அழாமல், "கடைசி வரைக்கும் பாத்தியா?" என்று கேட்டாள்.

"பாத்தேன்க்கா. அவ்வளவுதான். போயிட்டான்."

"சரி" என்றாள். சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவி வைத்தாள்.

புதன்கிழமை அண்ணனோடு போய்க் கையெழுத்துப் போட்டாள். இரண்டு வாரத்தில் சான்றிதழ் கைக்கு வந்துவிட்டது. பசைக்காரர் மகளுக்குப் புதுத் துணி எடுத்தார். மேஸ்திரிகூட அக்காவிடம் மரியாதையாகப் பேசினார். எனக்கு உள்ளுக்குள் பெருமை, ஒரு குடும்பத்தை நான்தான் சேர்த்து வைத்தேன் என்று.

அதற்கு மறுவாரம், காலையில் பதிப்பகத்து வண்டி நேராக எங்கள் வாசலில் வந்து நின்றது. ஆள் ஒருவர் கூடவே இறங்கினார். சின்னத் தாள்கள், மூவாயிரம். அரை ஃபாரம், எட்டுப் பக்கம். "இன்னைக்கே மடிச்சு, இன்னைக்கே தைக்கணும். நான் இங்கயேதான் இருப்பேன். ஒரு தாள் வெளிய போகக் கூடாது, ஒரு வார்த்தையும் போகக் கூடாது" என்றார். போன தடவை முடிவு வெளியானதால் இந்தத் தடவை கடைசி எட்டுப் பக்கத்தை ஒளித்து வைத்திருந்தார்கள். என் வாயிலிருந்து ஒளித்து வைத்திருந்தார்கள்.

கை வேகமான ஆள் யார் என்று கேட்டார். மேஸ்திரி நடு அக்காவைக் காட்டினார்.

நான் எழுந்து, "நான் மடிக்கிறேன் மேஸ்திரி, கடைசி ஃபாரம் என்னுதுதானே" என்றேன். "உக்காரு, பேசினதெல்லாம் போதும்" என்றார்.

அக்கா முதல் தாளை எடுத்தாள். இரண்டே மடிப்பு. மூங்கில் பட்டையை வைத்துத் தேய்த்தாள், தேய்த்த கை பாதியில் நின்றது. பிறகு அடுத்த தாளை எடுத்தாள். என் மேசையிலிருந்து எனக்கு எழுத்து தெரியவில்லை, அவள் முகம் தெரிந்தது. அதைப் பார்த்தே எனக்குக் கதை புரிந்துவிட்டது. பின்னால் நானும் படித்தேன். காலையில் விடுதிக் கதவு தட்டப்படுகிறது. அவன் நிற்கிறான். கதவுக் கண்ணாடியில் அவன் மூச்சு படிகிறது. "பசிக்குது" என்கிறான். முற்றும்.

அக்கா மூவாயிரம் தாளையும் மடித்தாள். ஒன்றைக்கூடக் கோணலாக மடிக்கவில்லை. சாயங்காலம் பசைக்காரர் மேசைக்குப் போய், அவர் வைத்த துண்டை நான்காக மடித்து அவர் கையில் கொடுத்தாள்.

"தப்பா நினைக்காதீங்க. அவர் வர்ற ஆளு. நான் அவசரப்பட்டுட்டேன்."

அவர் விரலில் இருந்த பசையைப் பிய்த்துக்கொண்டே நின்றார். இரண்டு மாதத்தில் மகளைக் கூட்டிக்கொண்டு வேறு பட்டறைக்குப் போய்விட்டார்.

துண்டைத் திருப்பிக் கொடுத்த மறுநாளே அக்கா லீவு போட்டாள். நானும் போட்டுவிட்டுக் கூடவே போனேன். வழியெல்லாம், "அக்கா, அது கதைக்கா" என்று ஆயிரம் தடவை சொன்னேன். "முந்தாநாள் வரைக்கும் கதையா இல்லையே. நீ சொன்னதைக் கேட்டுத்தானே கையெழுத்துப் போட்டேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் திருப்பிக் கத்தியிருப்பேன். அவளுக்கு ஆள்தான் இல்லையே தவிர, காத்திருக்க ஒரு ஆள் இருந்தார். அதையும் நான் பிடுங்கிவிட்டேன்.

பதிவு அலுவலக ஜன்னலில் இருந்த எழுத்தர் சான்றிதழை வாங்கிப் பார்த்தார். என்ன பிழை என்று கேட்டார்.

"பிழை இல்லை சார். அவர் சாகலை. இதை அடிச்சிடணும்."

"ஆள் கிடைச்சிட்டாரா?"

"இல்லை."

எழுத்தர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் கெட்டவர் இல்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு நிதானமாகத்தான் சொன்னார்.

"அம்மா, இறந்தவங்களா பதிஞ்சதை மாத்தணும்னா ஒரே வழிதான். அவரே நேர்ல வரணும். அடையாள அட்டையோட வந்து, என் முன்னால கையெழுத்துப் போடணும்."

அக்கா தலையாட்டினாள். சான்றிதழை மடித்துப் பைக்குள் வைத்தாள். ஓரத்தோடு ஓரம் சரியாக வைத்து, கட்டை விரலால் தேய்த்து மடித்தாள். பிறகு ஜன்னலில் குனிந்து கேட்டாள்.

"சார், நீங்க எத்தனை மணி வரைக்கும் இருப்பீங்க?"

"அஞ்சு மணி வரைக்கும்."

எதிரே ஒரு பெஞ்சு இருந்தது. வாசலைப் பார்த்தபடி அதில் போய் உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஐந்து மணிக்கு ஜன்னலைச் சாத்தினார்கள்.