சேவலைப் பிடிக்க வேண்டியவன்

லுடிவினாவிடம் சேவலுக்குக் கொண்டை வெட்டிக்கொள்ள வேண்டுமென்றால் ஒரு நிபந்தனை உண்டு. சேவல் யாருடையதோ அவரேதான் அதை மடியில் வைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். வேலையாளை அனுப்பக் கூடாது, மச்சானை அனுப்பக் கூடாது. நெக்ரோஸ் தீவின் அந்தக் கரும்புக்காட்டு ஓரத்தில் எந்த வீட்டுக் கொல்லையைப் பார்த்தாலும் சண்டைச்சேவல்கள் காலில் கயிற்றோடு நிற்கும். கொண்டையும் தாடியும் வழித்தெடுக்காத சேவலைக் களத்தில் இறக்கினால் ஊரே சிரிக்கும். வளர்பிறையில் வெட்டினால் ரத்தம் நிற்காது என்று அங்கே எல்லாருக்கும் நம்பிக்கை. அதனால் தேய்பிறை பிறந்தால் போதும், அவள் வாசலில் கூட்டம்தான்.

பக்கத்து வீட்டு ரூஃபோ ஒரு தடவை காய்ச்சலென்று சாக்குச் சொல்லி மனைவியிடம் சேவலைக் கொடுத்தனுப்பினான். லுடிவினா கத்தரிக்கோலைக் கையில்கூட எடுக்கவில்லை. கடைசியில் ரூஃபோ போர்வையைச் சுற்றிக்கொண்டு முனகியபடியே வந்து உட்கார்ந்தான். எதிரி கவ்விப் பிடிக்கக் கொண்டை இருக்காது, கிழிந்து ரத்தம் கண்ணில் வழியாது, எல்லாம் சேவலின் நல்லதுக்குத்தானே, யார் பிடித்தால் என்ன என்று நியாயம் பேசினான்.

"களத்துக்கு அனுப்பப்போறவன் நீ. அதுக்காகன்னு சொல்லாத, உனக்காகன்னு சொல்லு. சொல்லிட்டுப் பிடி, வெட்டுறேன்" என்றாள் லுடிவினா.

ரூஃபோ சொன்னான். வேறு வழி? அவள் கை அப்படி. தென்னங்கள்ளைப் புளிக்கவைத்த காடியில் கழுவிய கத்தரிக்கோல் ஒரே ஓட்டமாக ஓடும். சேவலின் நெஞ்சிலிருந்தே பஞ்சு போன்ற இறகைப் பிடுங்கிக் காயத்தில் அப்புவாள், ரத்தம் நின்றுவிடும். வெட்டிய துண்டை அந்தச் சேவலுக்கே தின்னக் கொடுப்பார்கள். அதுவும் வெட்கமில்லாமல் கொத்தித் தின்னும். பூசைக்கு வந்த பாதிரியார் ஒருமுறை இதெல்லாம் பாவமில்லையா என்று கேட்டார். பாவம்தான் சாமி, அதனால்தான் சேவல்காரனோடு பங்கு போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாள்.

ஊருக்கெல்லாம் வெட்டுகிறவள் வீட்டில் ஒரு சேவல் வெட்டாமலே நின்றது. பொன் கழுத்தும் கரும்பச்சை உடம்புமாக, பெயர் தலிசாய். அவள் கணவன் மெல்கோர் வளைகுடாவுக்கு வெல்டிங் வேலைக்குப் புறப்பட்ட வாரம் தன் கையால் அடைவைத்த முட்டை அது. குஞ்சு பொரித்ததையும் அவன் பார்க்கவில்லை, முதல் கூவலையும் போனில்தான் கேட்டான். கூப்பிட்டதும் அவன் முதல் வார்த்தை, "சேவலைக் காட்டு." போனைத் தலிசாய் பக்கம் திருப்பிப் பிடித்தபடி அவள் பின்னால் நின்று பேசுவாள். தலை வாரிக்கொண்டு வந்ததெல்லாம் வீண். சக்களத்தியை வளர்க்கிறோமே என்று சில நாள் அவளுக்கே பற்றிக்கொண்டு வரும்.

வயது வந்துவிட்டது, கொண்டையை வெட்டிவிடு, திருவிழாக் களத்துக்குத் தயாராகட்டும் என்றான் மெல்கோர். நீ வந்து பிடி என்றாள் அவள். அவன் சிரித்தான். அந்த வருடம் வீட்டுச் சுவருக்காக ஒப்பந்தத்தை நீட்டினான். அடுத்து கூரைக்காக. அதற்கடுத்து எதற்கென்று அவனுக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஒவ்வொரு முறையும் "எல்லாம் உனக்காகத்தான் லூடி" என்பான். தலிசாயின் கொண்டை வளர்ந்து ஒரு பக்கமாகச் சரிந்து கண்ணை மறைத்தது. ரூஃபோ, தலையில் ஆயர் குல்லா போலிருக்கிறதென்று சேவலுக்கு பிஷப் என்று பெயர் வைத்து, போகும்போதும் வரும்போதும் தொப்பியைக் கழற்றி வணக்கம் வைத்தான். லுடிவினாவும் சிரித்துவைத்தாள். அந்தக் கொண்டை இருக்கிறவரை மெல்கோர் வந்து செய்ய வேண்டிய வேலை ஒன்று வீட்டில் பாக்கி இருக்கிறது என்பது அவள் மனக்கணக்கு. யாரிடம் சொல்ல? படுக்கையில் அவன் பக்கத்துத் தலையணைக்குக்கூட வாராவாரம் உறை மாற்றினாள். அவ்வளவு ஏங்கினாள்.

இந்த டிசம்பரில் நிச்சயம் வருகிறேன் என்று மெல்கோர் சொல்லியிருந்தான். நவம்பர் வளர்பிறையில் தலிசாய் கயிற்றை அறுத்துக்கொண்டு ரூஃபோவின் சேவலோடு மோதியது. பிரிப்பதற்குள் கொண்டை பாதி கிழிந்து தொங்கியது. உடனே வெட்டியிருக்க வேண்டும். லுடிவினா வெட்டவில்லை. தேய்பிறை வரட்டும் என்று ஊருக்குச் சொன்னாள். அவன் வரட்டும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். மஞ்சள் பூசினாள், ஈ விரட்டினாள். கொண்டை வீங்கிக் கறுத்தது, நாற ஆரம்பித்தது. சேவல் கூவுவதை நிறுத்திவிட்டது.

பௌர்ணமி கழிந்த மறுநாள் மெல்கோர் கூப்பிட்டான். குரலிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கையெழுத்துப் போட்டுவிட்டானாம், இன்னொரு ஒப்பந்தம். அவள் போனைத் திருப்பினாள். சேவலைக் காட்டினாள். அவன் பதறிப்போனான். "ஐயோ, உயிரு போயிடும் லூடி. வெட்டு, இப்பவே வெட்டு."

"யாரு பிடிக்கிறது?"

 மெல்கோர் மெதுவாக, "நீயே பிடி. வளர்த்தது நீதானே. உன்னோடதுதான் அது" என்றான்.

அவள் கத்தரிக்கோலை எடுத்து வந்தாள். காடி பாட்டிலில் போனைச் சாய்த்து வைத்தாள். வேலிக்கு அந்தப்புறம் நின்ற ரூஃபோவைக் கூப்பிட்டுக் கத்தரிக்கோலை அவன் கையில் கொடுத்தாள். அவன் பயந்துவிட்டான். பார்த்துப் பழகியவன்தானே, வெட்டு என்றாள். தலிசாயை மடியில் அணைத்து, சிறகுகளை முழங்கைக்குள் அடக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

எத்தனையோ சேவலுக்கு வெட்டியவள், ஒரு தடவைகூடப் பிடித்ததில்லை. பிடித்துப் பார்க்கிறவனுக்குத் தெரிய வேண்டும் என்று ஊரையெல்லாம் உட்கார வைத்தாளே, அது என்னவென்று அவளுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. சேவல் கத்தவில்லை. அதன் இதயம் அவள் உள்ளங்கையில் படபடவென்று அடித்தது. கத்தரி பட்டபோது கால்கள் அவள் தொடையை இறுக்கிப் பற்றிக்கொண்டன. விட்டுவிட்டு ஓடப் பார்க்கவில்லை, அவளையே பிடித்துக்கொண்டது. ரூஃபோ வெட்டி முடித்து இறகை அப்பினான். அழுகிய துண்டை யாரும் சேவலுக்குக் கொடுக்கவில்லை, புதைத்தார்கள். ரூஃபோ அன்றைக்கு பிஷப் என்று சொல்லாமல் வீட்டுக்குப் போனான்.

போனில் மெல்கோர் இன்னும் இருந்தான். தலிசாய் மொட்டைத் தலையோடு அவள் மடியிலேயே கிடந்தது. பிழைத்துக்கொள்ளும் என்று அவளுக்குப் பட்டது.

"ரொம்ப வலிச்சிருக்குமா லூடி?"

"வந்து பிடிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்."

"நான் என்ன பண்றது, உனக்காகத்தானே இங்க கெடந்து..."

"எனக்காகன்னு சொல்லாத, மெல்" என்றாள் அவள். குரல் உயரவில்லை. "சுவரு நான் கேக்கல. கூரையும் கேக்கல. நீ வேணும்னுதான் இத்தனை வருசமா இந்தக் கொண்டையை வெட்டாம வெச்சிருந்தேன். அதுவும் போச்சு."

 மெல்கோர் மூக்கை உறிஞ்சினான்.

"லூடி, சேவல் போதும். போனைத் திருப்பு. உன் மூஞ்சியைக் காட்டு."

எத்தனை வருடம் காத்திருந்த வார்த்தை. அவள் கை போன் வரைக்கும் போயிற்று. கையெல்லாம் ரத்தம், முகமெல்லாம் கண்ணீர். போனைத் திருப்பாமல் கையை மறுபடி சேவலின் மேல் வைத்துக்கொண்டாள்.

"வந்து பாத்துக்க" என்றாள்.