இடது கையில் வாங்கிய சுண்டல்

என் அம்மாவின் தம்பி பேஸ்பால் ஆடிச் சம்பளம் வாங்கினார். இதைச் சொந்தக்காரர்களிடம் சொன்னால் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, "சரி, வேலைக்கு எங்க போறார்?" என்பார்கள். எடிசன் என்ற அமெரிக்க ஊரில் டாக்டராக இருந்த தாத்தா, மகனைப் பற்றி யாராவது விசாரித்தால் ஸ்போர்ட்ஸ் மெடிசின் பக்கம் போயிருக்கிறான் என்று சொல்லி வைத்திருந்தார். மாமாவின் வாழ்க்கை ஊசியும் ஐஸ் பையுமாக ஓடிக்கொண்டிருந்ததால் அது முழுப் பொய்யும் இல்லை.

மாமா பிட்சர், அதாவது பந்து வீசுபவர். அந்த ஆட்டத்தில், டிவியில் வருகிற பெரிய அணி ஒவ்வொன்றுக்கும் கீழே நாலைந்து சின்ன அணிகள் படிக்கட்டு மாதிரி இருக்கும். நன்றாக வீசினால் ஒரு படி ஏற்றுவார்கள். கொஞ்ச நாள் சொதப்பினால் இறக்கிவிடுவார்கள். ஏழு வருடங்களில் மாமா ஏறி இறங்கிய ஊர்களின் பட்டியலை அம்மா ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருந்தாள். ஒருமுறை உச்சிக்கு ஒரு படி கீழே வரை போனார். அங்கே பதினோரு நாள் இருந்தார். அதற்குள் அம்மா எங்கள் ஊரான காப்பெலில் தெரிந்த எல்லா வீட்டுக்கும் லட்டு கொடுத்துவிட்டாள். பிறகு மாமா கீழே வந்துவிட்டார், லட்டைத்தான் திரும்பக் கேட்க முடியவில்லை.

எனக்கு ஒன்பது வயதான கோடையில், எங்கள் வீட்டிலிருந்து முக்கால் மணி நேரத் தொலைவில் இருந்த அணிக்கு அவரை மாற்றினார்கள். எங்கள் மாடி அறையில் வந்து தங்கினார். அப்போது அவருக்கு இருபத்தொன்பது வயது. கூட ஆடுகிற பையன்களுக்கெல்லாம் இருபத்திரண்டு, இருபத்துமூன்று. அவரைத் தாத்தா என்று கேலி செய்கிறார்களாம். அவரே சொல்லிச் சிரித்தார். நிஜத் தாத்தாவோ, இந்த சீசனோடு போதும், வீட்டுக்கு வந்துவிடு என்று போனில் சொல்லியிருந்தார்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கராஜுக்கு இறங்கும் படியில் மாமா உட்கார்ந்திருந்தார். ஷூ லேஸைக் கட்டப் பார்த்துக்கொண்டிருந்தார். வலது கையின் கடைசி இரண்டு விரல்களும் அவர் சொன்னபடி கேட்கவில்லை. லேஸ் நழுவி நழுவி விழுந்தது. முந்தின நாள் ஆட்டத்தில் முழங்கையில் ஏதோ ஆகியிருக்கிறது.

"கொஞ்சம் கட்டி விடேன்," என்றார்.

நான் இரண்டு காலுக்கும் இரட்டை முடிச்சாகப் போட்டேன். அவர் என் தலையைத் தட்டிவிட்டு, "அக்காகிட்ட சொல்லாத. கை விஷயம் தெரிஞ்சா சனிக்கிழமை என்னை ஆட விட மாட்டாங்க. ப்ராமிஸ்?" என்றார். நான் ப்ராமிஸ் செய்தேன்.

அடுத்த சனிக்கிழமை சாதாரண சனிக்கிழமை இல்லை. பெரிய அணியில் ஒரே வாரத்தில் இரண்டு பிட்சர்களுக்கு அடிபட்டிருந்தது. மேலேயிருந்து ஆட்கள் மாமாவைப் பார்க்க வருகிறார்கள். அன்று நன்றாக வீசினால் நேரே உச்சிக்கே கூப்பிட்டுக்கொள்வார்கள் என்று கோச் சொல்லிவிட்டார். அம்மா அந்த வாரம் முழுவதும் தரையில் கால் படாமல் நடந்தாள்.

அதன்பிறகு தினமும் காலையில் லேஸ் கட்டுவது என் வேலையாயிற்று. கட்டி முடித்ததும் அவர் ஒரே கேள்வியைக் கேட்பார்.

"அக்காகிட்ட சொல்லிட்டியா?"

"நோ, மாமா."

அவர் கொஞ்ச நேரம் படியிலேயே உட்கார்ந்திருப்பார். பிறகு, "குட் கேர்ள்," என்று சொல்லி எழுந்து போவார். எனக்குப் பெருமை தாங்காது. வீட்டில் பெரியவர்களுக்கே தெரியாத ஒன்று எனக்குத் தெரியும் என்பது சின்ன விஷயமா?

சாப்பாட்டு மேஜையில் மாமா ஸ்பூனை இடது கையில் பிடித்துச் சாம்பார் சாதம் சாப்பிட்டார். இங்கேயே பிறந்தவன், இவனுக்குக் கையால் பிசைந்தால் இறங்காது என்று அம்மா கேலி செய்தாள். அப்பா ஆபீஸ் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

வெள்ளிக்கிழமை வரலட்சுமி பூஜை. வரவேற்பறை முழுக்கப் பட்டுப்புடவையில் ஆன்ட்டிகள். மறுநாள் ஆட்டம் என்பதால் அம்மா மாமாவை மாடியிலிருந்து கூப்பிட்டு, எல்லாருக்கும் முன்னால் முதல் கிண்ணம் சுண்டலை அவருக்கு நீட்டினாள். மாமா இடது கையை நீட்டினார்.

"டேய், சாமி பிரசாதத்தை எந்தக் கையில வாங்குற? நாளைக்கு மேட்சை வெச்சுக்கிட்டு," என்று அவர் வலது கையைப் பிடித்திழுத்துக் கிண்ணத்தை அதில் வைத்தாள். விரல்கள் மூடவில்லை. கிண்ணம் விழுந்து, கொண்டைக்கடலை கார்ப்பெட் முழுக்க ஓடியது.

அம்மாவின் முகம் கறுத்துவிட்டது. "பரவால்ல விடுங்க, கண்ணு பட்டிருக்கும்," என்றார் ஒரு ஆன்ட்டி. மாமா சிரித்தபடி குனிந்து இடது கையால் பொறுக்க ஆரம்பித்தார். நானும் மேஜைக்கடியில் போய்ப் பொறுக்கினேன். அங்கே அவர் என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்த மாதிரி இருந்தது. நான் உதட்டில் விரலை வைத்துக் காட்டினேன்.

அன்று சாயங்காலம் அம்மா அவருக்கு உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். ஸ்மோக் அலாரம் வீறிட்டது. அப்பா நாற்காலி மேல் ஏறி நின்று துண்டால் விசிறினார். ஒரு கை ஏன் மூடவில்லை என்பதற்கு அந்த வீட்டில் எல்லாரிடமும் ஒரு காரணம் இருந்தது. யாரும் அந்தக் கையைத் தொட்டுப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை காலையும் லேஸ் கட்டினேன். அவர் அதே கேள்வியைக் கேட்டார். நான் அதே பதிலைச் சொன்னேன். அன்று படியில் வழக்கத்தைவிட அதிக நேரம் உட்கார்ந்திருந்தார்.

ஸ்டேடியத்தில், பந்தின் வேகத்தை அளக்கும் கருவியோடு மூன்று பேர் எங்களுக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். முதல் இரண்டு இன்னிங்ஸில் மாமா வீசியதைப் பார்த்து அவர்களில் ஒருவர் மற்றவரின் தோளைத் தட்டினார். அம்மா என் கையை நசுக்கினாள். மூன்றாவது இன்னிங்ஸில் ஒரு பந்து, பிடிக்கிறவர் தலைக்கு மேலே போய் வேலியில் மோதியது. அடுத்த பந்து பாதி தூரத்திலேயே தரையில் விழுந்து உருண்டது. மாமா கத்தவில்லை. கையைப் பிடித்துக்கொள்ளவும் இல்லை. சும்மா நின்றார்.

கோச் நடந்து வந்தார். பிட்சரை வெளியே எடுத்தால் அவர் பந்தைக் கோச்சிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். மாமாவின் வலது கை பக்கத்தில் தொங்கியது. இடது கையில் மாட்டியிருந்த உறையோடு பந்தை நீட்டினார்.

"பாரேன், அங்கயும் இடது கையாலதான் குடுக்கிறான்..." என்று ஆரம்பித்த அம்மா, முடிக்காமல் நிறுத்தினாள். என் கையை விட்டுவிட்டு, "ஐயோ, நேத்து," என்றாள். வீட்டில் காரிலிருந்து இறங்கும்போது, "உனக்குத் தெரியுமா?" என்று என்னைக் கேட்டாள். தெரியாது என்றேன். ப்ராமிஸ் ப்ராமிஸ்தானே.

முழங்கையில் தசைநார் முழுக்க அறுந்திருந்தது. முதலில் பாதிதான் கிழிந்திருக்க வேண்டும், அந்த வாரமே நிறுத்தியிருந்தால் ஓய்வெடுத்தே சரியாகியிருக்கலாம் என்று அப்பா தாத்தாவிடம் போனில் சொன்னதைக் கேட்டேன். ஆபரேஷன் நடந்தது. மறு வருடம் அணி அவரை விட்டுவிட்டது. மாமா இப்போது எடிசனில் ஒரு மளிகைக் கிடங்கைப் பார்த்துக்கொள்கிறார். டிவியில் பேஸ்பால் வந்தால் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவார். வலது கை முழுதாக நீளாது. அவர் வரும்போது அம்மா பிரசாதத்தை அவர் கையில் கொடுப்பதில்லை. கிண்ணத்தை அவருக்கு முன்னால் மேஜையில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் சமையலறைக்குப் போய்விடுவாள்.

எனக்கு இப்போது கிட்டத்தட்ட அவருடைய அப்போதைய வயது. தினமும் அவர் கேட்ட கேள்வியை ஒரு பரீட்சை என்றுதான் ரொம்ப காலம் நினைத்திருந்தேன். ஏழு வருடம் ஏறி இறங்கிய மனிதரால், எனக்கு முடியவில்லை என்று தன் வாயால் சொல்லியிருக்க முடியாது. ஒன்பது வயதுப் பெண் தெரியாமல் உளறிவிட்டால் அது யார் குற்றமும் இல்லை. அந்தப் படியில் அவர் வேறு ஒரு பதிலுக்காகத்தான் உட்கார்ந்திருந்தார்.

ஆறு நாளும் கேட்டார். நான் உளறவே இல்லை.