கோல்கீப்பரின் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்

இன்று உம்பாய் ஊருக்குப் போகும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா போனை நீட்டினார்.

"தம்பி, கண்ணாடிய வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டேன். என் மவன் படத்துக்குக் கீழ என்ன எழுதியிருக்காங்கன்னு கொஞ்சம் படிங்களேன்."

படத்தில் ஆசியக் கிண்ணத்துக்குப் பயிற்சி எடுக்கும் நம் தேசியக் குழு. அவர் விரல் வைத்தது கோல்கீப்பர் மேல்.

கீழே இருந்த கமெண்ட்டுகளில் எல்லாவற்றுக்கும் மேலே நின்றது, நேற்று நான் எழுதியது.

"இவனுக்குப் பதிலா குப்பைத் தொட்டிய நிறுத்துங்க, ரெண்டு பந்தாவது உள்ள போகாம நிக்கும்."

வாய் கூசியது.

"நல்லா ஆடு தம்பி, நாங்க இருக்கோம்னு போட்டிருக்காங்க அக்கா," என்றேன்.

"மனசு நெறைஞ்சு போச்சு லா. யாரு எழுதினது? வீட்டுக்குப் போனதும் கண்ணாடி போட்டுக்கிட்டு ஒவ்வொருத்தருக்கா நன்றி எழுதணும்."

பெயர் சரியாகத் தெரியவில்லை என்று முணுமுணுத்துவிட்டு, என் ஸ்டாப்புக்கு முன்னாலேயே இறங்கிவிட்டேன். ரோட்டோரம் நின்றே என்னுடையதை அழித்தேன்.

அந்தப் படத்துக்குக் கீழே எனக்குப் போட்டியாக நீங்கள் எழுதிய கிண்டலெல்லாம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. அக்கா வீடு போய்ச் சேர எப்படியும் இருபது நிமிடம் ஆகும்.

அழிக்கிறீர்களா, இல்லை அடுத்த பஸ் பிடித்துப் போய் நீங்களே படித்துக் காட்டுகிறீர்களா?